பனிக்காலத்தில் உடம்புக்கு ஒரு நாள்: எண்ணெய்க் குளியல் முதல் குதிகால் வெடிப்பு வரை

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. "நம்ம ஊர்ல என்ன பெரிய குளிரு" என்று சொல்பவர்கள் மார்கழி விடியற்காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். ஊட்டியில் புல்மேல் உறைபனி படியும். சென்னையில் 20 டிகிரிக்கே மப்ளர் வெளியே வந்துவிடும். ஆனால் மற்ற ஊர்களில் நம்மைப் படுத்துவது வெறும் குளிர் அல்ல. விடியற்காலை 17, 18 டிகிரிக்கு இறங்குகிற அதே உள்மாவட்டத்தில் பிற்பகல் 30 டிகிரியைத் தொடும். அதோடு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்று காய்ந்துபோகும். உதடு வெடிப்பது, கெண்டைக்கால் வெள்ளை பூத்து அரிப்பது, மூக்கடைப்பு, தூக்கம் பிடிக்காமல் புரள்வது எல்லாமே இந்த இரண்டின் வேலைதான்.

மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இந்த நான்கு மாதத்துக்கும் புதிதாகக் கடையில் வாங்க வேண்டியது அதிகமில்லை. தேவை, வாரத்தில் ஒரு நாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை அரை மணி நேர வேலையாக நினைத்து, தலையைத் துவட்டியதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சளிதான் மிச்சம். எண்ணெய்க் குளியல் என்பது குளித்து முடித்தபின் வரும் பாதி நாளையும் சேர்த்துத்தான்.

எண்ணெய் காய்ச்சும் பக்குவம்

பனிக்காலத்துக்கு நல்லெண்ணெய்தான் சரி. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும்; குளிர்ச்சி என்று சொல்லிப் பெரியவர்கள் அதை இந்த மாதங்களில் ஒதுக்கியதும் உண்டு. ஒரு ஆளுக்குத் தலைக்கும் உடம்புக்குமாக 60 முதல் 80 மி.லி. போதும். நீளமான அடர்ந்த கூந்தல் என்றால் 100 மி.லி.

சிறிய இரும்புக் கரண்டியில் 80 மி.லி. நல்லெண்ணெய் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். அரை ஸ்பூன் சீரகம், தட்டாத முழு மிளகு ஐந்தாறு, தோலோடு நசுக்கிய பூண்டு இரண்டு பல், ஒரு சிட்டிகை பச்சரிசி. அரிசிதான் இங்கே கடிகாரம். அது பொரிந்து மேலே வந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இறக்கிவிட வேண்டும். புகை வந்துவிட்டால் அந்த எண்ணெயைத் தலையில் வைக்காதீர்கள்: கருகல் வாடை இரண்டு நாளைக்குப் போகாது, தோலும் எரியும். மிளகைத் தட்டிப்போட்டாலும் இதே கதைதான். காரம் எண்ணெயில் இறங்கி, நெற்றியில் வழிந்து கண்ணுக்குப் போனால் அன்றைய ஓய்வு முடிந்தது.

வடிகட்டி ஆறவிடுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று இருக்கக் கூடாது.

தேய்ப்பது

நேரம் முக்கியம். விடியற்காலைக் குளியல் மற்ற மாதங்களுக்குச் சரி. பனிக்காலத்தில் வெயில் ஏறி ஒன்பதரை மணிக்கு மேல் எண்ணெய் வைத்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று இட்லியோடு காலை உணவை முடித்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வெந்நீர்க் குளியல் தலைசுற்றலைக் கொடுக்கும், வயிறு முட்டத் தின்றால் நெஞ்சைக் கரிக்கும்.

உச்சியில் முதலில் ஒரு கரண்டி. அதை உள்ளங்கையால் தட்டாமல் விரல் நுனியால் மண்டைத் தோலை அசைத்துத் தேய்க்க வேண்டும். முடியைத் தேய்ப்பது வேறு, தோலை அசைப்பது வேறு. முடியைத் தேய்த்தால் சிக்கு விழுந்து உதிரும். பிறகு பிடரி, தோள்பட்டை, முதுகுத்தண்டின் இரு பக்கம். கை கால்களில் நீளவாக்கிலும் மூட்டுகளில் வட்டமாகவும் தேய்க்கலாம். உள்ளங்காலுக்குத் தனியாக மூன்று நிமிடம் ஒதுக்குங்கள், வெடிப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம். தொப்புளைச் சுற்றி ஒரு சொட்டு வைப்பது வழக்கம், வைத்துக்கொள்ளலாம். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் வழக்கம்தான், அதை விட்டுவிடுவதே நல்லது. குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு: மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

ஊறும் நேரம் 30 நிமிடம், அதிகபட்சம் 45. "நல்லா ஊறட்டும்" என்று இரண்டு மணி நேரம் துண்டோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தும்மல் ஆரம்பிக்கும். இந்த நேரத்தில் ஜன்னல் ஓரம் வெயிலில் உட்காரலாம், ஃபேன் கூடாது.

காய்ச்சல், ஏற்கெனவே பிடித்த சளி, காதுவலி, வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த வாரம் எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போடுங்கள்.

வெந்நீரும் சீயக்காயும்

வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் 22 டிகிரி இருக்கும் நாளில், 15 லிட்டர் பச்சைத் தண்ணீரோடு 5 லிட்டர் கொதித்த தண்ணீரைக் கலந்தால் ஒரு பெரிய வாளி நிறைய 40 டிகிரியை ஒட்டிய வெந்நீர் கிடைக்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் தோலில் இருக்கும் இயற்கை எண்ணெயும் கரைந்து, குளித்த அரை மணியில் அரிக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். மாற்றிச் செய்தால், குழந்தை வந்து கைவிடும் ஒரு நொடியில் வெந்துவிடும். இரண்டு வாளி தயாராக இருக்கட்டும். சீயக்காய் தேய்த்தபிறகு தண்ணீர் தீர்ந்துபோய், நடுங்கிக்கொண்டே குழாயைத் திறப்பதைப்போல் வேறு வேதனை இல்லை.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதைக் குளியலறைக்கு உள்ளே மாட்டி, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. ஆள் மயங்கி விழும்வரை தெரியாது.

சீயக்காயைப் பச்சைத் தண்ணீரில் கரைப்பதைவிட வடிகஞ்சியில் கரைத்தால் கையிலிருந்து வழியாமல் தலையில் நிற்கும், முடியும் சொரசொரக்காது. குட்டை முடிக்கு மூன்று மேசைக்கரண்டி, இடுப்பு வரை இருந்தால் ஆறு. வெதுவெதுப்பான கஞ்சியில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டில் அரைப்பவர்கள் ஒரு கிலோ சீயக்காய்க்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், காயவைத்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி, பூலாங்கிழங்கு 50 கிராம் என்ற கணக்கில் மூன்று நாள் வெயிலில் காயவைத்து மிஷினில் கொடுக்கலாம். இரண்டு முறை சலிக்கச் சொல்லுங்கள். நறநறவென்று இருந்தால் திப்பி முடியில் தங்கி, உலர்ந்தபின் பொடுகுபோல் உதிரும். "சீயக்காய் ஒத்துக்கல" என்பவர்களில் பாதிப்பேருக்கு ஒத்துக்கொள்ளாதது சரியாகச் சலிக்காத மாவுதான்.

மதுரைப் பக்கமும் கொங்கு நாட்டிலும் அரப்புதான். உசிலை மரத்தின் இலைப்பொடி. எண்ணெயைச் சீயக்காயைவிட மென்மையாக எடுக்கும், முடியில் ஒரு வழவழப்பு நிற்கும். வறண்ட தலைக்கு இதுவே மேல். இரண்டிலும் ஷாம்பூபோல் நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் அள்ளிப்போட வேண்டாம்.

கண்ணில் பட்டால் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருங்கள். உடம்புக்குச் சோப்பு வேண்டாம், பயத்தமாவு போதும்.

இனி, யாரும் சொல்லாத ஒன்று. எண்ணெய்க் குளியலின் பெரிய ஆபத்து சளி அல்ல, வழுக்கி விழுவது. எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் கால் வைக்கும் அந்த முதல் அடியில்தான் வயதானவர்கள் இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். குளியலறைக்குப் போகும் வழியில் பழைய துண்டோ சாக்கோ விரித்துவைத்து, உள்ளே மரமனையில் உட்கார்ந்து குளிக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் எண்ணெயில் நகரும். குளித்து முடித்ததும் ஒரு கை சீயக்காயைத் தரையில் தூவி, விளக்குமாற்றால் தேய்த்து வெந்நீர் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த ஆள் உள்ளே போக வேண்டும்.

தலை உலர்த்துவது, அதன்பிறகு

சளி பிடித்தது எண்ணெயால் என்பார்கள். பெரும்பாலும் ஈரத்தலையோடு காற்றில் அலைந்த நாளாகத்தான் அது இருக்கும். நூல்துண்டால் முதலில் பிழியாமல் ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டு நனைந்ததும் இன்னொரு காய்ந்த துண்டு. பிறகு வெயிலில் கூந்தலைப் பிரித்துவிட்டு, அடிமுடி காயும்வரை உட்கார வேண்டும். நுனி காய்ந்து அடி ஈரமாக இருக்கும்போது கொண்டை போட்டால் நாற்றம் அடிக்கும், தலையும் பாரமாகும்.

வெயில் இல்லாத நாளில் சாம்பிராணி. தூபக்காலில் நன்றாகக் கனிந்த கொட்டாங்கச்சி நெருப்பு, மேலே அரை ஸ்பூன் சாம்பிராணி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதில் கூந்தலை விரிப்பார்கள். முடிக்கும் நெருப்புக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சாம்பிராணியே வேண்டாம். போகிப் புகைக்கும் அதே விதி.

இப்போதுதான் ஓய்வு தொடங்குகிறது. மதியம் மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, ஒரு கீரை. குளித்த நாளில் தயிரும் ஐஸ் தண்ணீரும் விலக்குவது வழக்கம். சாப்பிட்டதும் கண் சொக்கும். அங்கேதான் வழுக்கிவிடக் கூடாது. எண்ணெய் தேய்த்த நாளில் பகல் தூக்கம் ஆகாது என்ற விதிக்கு வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்: மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினால் இரவு பத்தரைக்கு முழித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். சாய்வு நாற்காலியில் உட்காருங்கள், கீரை ஆயுங்கள், பழைய பாட்டுக் கேளுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். இரவு ஏழரைக்கு லேசான சாப்பாடு, ஒன்பது மணிக்குப் படுக்கை. அந்த இரவுத் தூக்கத்துக்காகத்தான் காலையிலிருந்து இத்தனையும்.

இரவு

டிசம்பர் கடைசியில் சென்னையில் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம்தான். ஜூன் மாதத்தைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. உடம்பு சீக்கிரம் படுக்கச் சொல்வதில் தப்பில்லை. மார்கழியில் நாலரைக்கு எழுந்து கோலம் போடுவது பெருமைதான், பதினொரு மணி வரை சீரியல் பார்த்துவிட்டு எழுவது அல்ல. நாலரைக்கு எழ வேண்டுமானால் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். அதோடு, ஈர வாசலில் வெறுங்காலோடு நின்று புள்ளி வைக்காமல் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், காதை மூடிக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குகிறது என்றால் குளிர் கீழேயிருந்து வருகிறது. கிரானைட், டைல்ஸ் தரையில் பாய் மட்டும் விரித்தால் உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். பாய், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் நான்காக மடித்த பழைய பருத்திப்புடவை. மேலே ஒரு கனத்த கம்பளியைவிட இரண்டு மெல்லிய போர்வை நல்லது. நடுவில் சிக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. நள்ளிரவில் வியர்த்தால் ஒன்றை உதறிவிடலாம். முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதற்குப் பதில் காதை மட்டும் மூடும் பருத்திக் குல்லாய் போதும்.

கால் சில்லிட்டிருந்தால் தூக்கம் வராது. படுக்கும் முன் முழங்காலுக்குக் கீழே நனையும் அளவு 40 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் காலை வைத்து, விரல் இடுக்கு வரை துடைத்து, தளர்வான பருத்தி சாக்ஸ் போடுங்கள். வெந்நீர்ப் பை வைப்பவர்கள் கொதித்த தண்ணீரை நேரே ஊற்றாமல், கொஞ்சம் ஆறியதை முக்கால் பாகம் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கிவிட்டுத் தூங்கும் முன் எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். தண்ணீரின் சூட்டை அவர்கள் காலால் பார்க்கக் கூடாது, வீட்டில் வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும்.

மாலை ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்தினால் கொசுவும் பனியும் வெளியே நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் அடைக்காமல் ஒரு வென்டிலேட்டராவது திறந்திருக்கட்டும். மலையூர்களில் தங்கப் போகிறவர்கள் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கீசருக்குச் சொன்ன அதே நச்சுக்காற்றுதான், இங்கே தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

குதிகாலுக்கு மெழுகுக் களிம்பு

விளக்கெண்ணெய் 50 மி.லி., தேங்காயெண்ணெய் 50 மி.லி., தேன்மெழுகு 20 கிராம். மெழுகைச் சீவிப் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் மூன்றையும் உருக்குங்கள். நேரடியாகத் தீயில் வேண்டாம். உருகியதும் குளிர்ந்த ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் வெண்ணெய்போல் வர வேண்டும். கல்லாக இருந்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒழுகினால் கொஞ்சம் மெழுகு. கோவா டப்பா மாதிரி அகலமான டப்பாவில் ஊற்றி ஆறியபின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் உள்ளே சொட்டிப் பூசணம் பிடிக்கும். கற்றாழைச் சாறு, வேப்பிலைச் சாறு என்று ஈரமான எதையும் இதில் கலக்காதீர்கள், அதே காரணம்தான்.

இரவில் காலை 15 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்துப் பீர்க்கங்காய் நாரால் ஒரே திசையில் தேயுங்கள். பிளேடு, கத்தி கூடாது. காய்ந்த காலைக் கல்லில் தேய்த்தால் வெடிப்பு பெரிதாகத்தான் ஆகும். ஈரம் முழுவதும் காய்வதற்குள் களிம்பைத் தடவி சாக்ஸ் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் களிம்பு தானாக ஈரம் தராது. இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். காய்ந்தபின் தடவி "ஒண்ணும் கேக்கல" என்பதற்குக் காரணம் இதுவே. பத்து நாள் விடாமல் செய்தால் ஓரங்கள் மென்மையாகும். ரத்தமோ சீழோ வந்தாலும், சர்க்கரை இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இதே களிம்பு முழங்கைக்கும் ஆகும். உதட்டுக்குப் படுக்கும்போது ஒரு துளி நெய் போதும். நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் எதுவும் உதவாது.

சுக்குமல்லிப் பொடியும் நொச்சி ஆவியும்

சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். தோலைச் சீவிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். சுக்கு 50 கிராம், லேசாக வறுத்த கொத்தமல்லி விதை 100 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் ஐந்து. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, மூன்று நிமிடம் கொதி, தனியாகக் கரைத்து மண் வடிகட்டிய கருப்பட்டிப் பாகு தேவைக்கு. மல்லி குறைந்து சுக்கு கூடினால் நெஞ்செரிச்சல்தான். நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறந்துவிடுகிறார்கள். பனியில் தாகம் தெரியாது என்பதால், வெறும் வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி எதிரே வைத்துக்கொள்வதும் அவசியம்.

மூக்கடைத்தால் நொச்சி இலை இரண்டு கைப்பிடி, கொஞ்சம் மஞ்சள்தூள். கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, ஆட்டம் காணாத இடத்தில் வைத்து, முகத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒன்றரைச் சாண் விட்டு ஐந்து முதல் எட்டு நிமிடம். சிறுவர்களைப் போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு உட்காரவைக்காதீர்கள். சளியைவிட வெந்த புண் மோசமானது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தைகளுக்குத் தடவக் கூடாது, கற்பூரம் அவர்களுக்கு விஷம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், மூச்சு வாங்கினாலும் நொச்சியோடு நேரத்தைக் கடத்த வேண்டாம். அதேபோல் ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ள பெரியவர்கள் பனியோடு வாக்கிங் போகாமல் ஏழரைக்கு மேல் வெயிலோடு போகட்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும்.

நொச்சியில் ஒரு கொப்பு மிச்சம் வையுங்கள். பங்குனி வெயில் ஏறியதும் கம்பளிகளைத் துவைத்து இரண்டு முழு நாள் உலர்த்தி மடிக்கும்போது, நிழலில் காய்ந்த நொச்சி இலையை ஒவ்வொரு மடிப்பிலும் வைத்தால் பூச்சி அண்டாது. கம்பளியில் துளி ஈரம் இருந்தாலும் அடுத்த மார்கழிக்குப் பெட்டியைத் திறக்கும்போது மக்கல் வாடை அடிக்கும், அதனால் இரண்டாம் நாள் வெயிலைக் குறைத்துவிடாதீர்கள்.